இடது கண்ணு மூடுதா?

தாராபுரம்
18.9.2024

மதுமதி அக்காவுக்கு,

தரணி எழுதறேன். இங்க நானு, எங்க ஊட்டுக்காரரு, புள்ளைங்க ரெண்டு பேரு, மாமியாரு எல்லாரும் ஒரு கொறையும் இல்லாம இருக்கறோம். உன்ற மூஞ்சி எப்படி இருக்குதுன்னு தெரியாமத்தான் சோறு எறங்க மாட்டேங்குது.

நாலு நாளாப் போன் அடிக்கறேன். மச்சான்தான் எடுக்கறாரு. பேசுனா வாயோரத்துல காத்துத்தான் வருதாமா, அதனால நீ போனே தொட மாட்டேங்கறயாமா. வீடியோ கால்னா எந்திரிச்சே போயிடறயாமா. சரி, பேசத்தான மாட்டே, படிப்பயல்ல? நீ ஈரோட்டு ஹாஸ்டல்ல இருந்தப்ப வாரம் ஒரு கடுதாசி போடுவ. அப்பா என்னைய நடு ஊட்டுல நிக்க வெச்சுச் சத்தமாப் படிக்கச் சொல்லுவாரு. தொண்டை கட்ட நான் படிப்பேன், எல்லாரும் உன்னைய மெச்சுவாங்க. அந்தக் கடுதாசிப் பழக்கம் இப்ப உதவுது பாரு.

உன்ற பனியன் கம்பெனில, துணி பாக்கற செக்கிங் டேபிளுக்கு மேல அத்தாப் பெரிய பேனைப் போட்டுட்டு ஒக்காராத, காத்து நேரா மூஞ்சில அடிக்குதுன்னு நான் அப்பவே சொன்னேன். நான் சொன்னா யாரு கேக்கறீங்க.

தை இருபது நம்ம சதீசுக்குக் கல்யாணம். இன்னும் நாலரை மாசந்தான். இணைச்சீருக்கு நிக்கறப்ப கூறைச்சேலையோட ஒரு முனை மாப்பிள்ளை கக்கத்துல, மறு முனை ஒடம்பொறந்தவ கையில. அந்நேரத்துக்கு மண்டபமே அவ மூஞ்சியத்தான் பாக்கும். வீடியோவுக்கே மூணு பேரு வர்றாங்களாமா. ஒரே தம்பி, ரெண்டு அக்காமாரு, சீரு ஒண்ணே ஒண்ணு. நீ மூத்தவ, அதனால உனக்கு. அதுல எனக்கு ஒண்ணும் இல்லக்கா. நீ ஹாஸ்டல்ல இருக்கறப்ப அவன இடுப்புல தூக்கிட்டுத் திரிஞ்சவ நானு. அதச் சும்மா ஞாபகத்துக்குச் சொன்னேன், அவ்வளவுதான்.

இடது கண்ணு மூடுதா? மறக்காம எழுது.

உன்ற தங்கச்சி
தரணி


ராயபுரம், திருப்பூர்
23.9.2024

அன்புத் தரணிக்கு,

அக்கா எழுதுகிறேன். உன் மாமியாருக்கு முழங்கால் வலி தேவலையா? புள்ளைங்க பள்ளிக்கூடம் போகிறார்களா? இங்கே மச்சானுக்குச் சுகத்துக்குக் குறைவில்லை. என் கதைதான் வேறு.

அன்றைக்குக் காலையில் பல் விளக்கி வாய் கொப்பளித்தேன். தண்ணீர் இடது ஓரமாகத் தானாக வழிந்தது. கண்ணாடியைப் பார்த்தால் பாதி முகம் இஸ்திரி போட்ட மாதிரி சுருக்கமே இல்லாமல் இருந்தது. கண்ணை மூடச் சொன்னால் வலது கண் மூடுகிறது, இடது கண் முழித்துக்கொண்டே இருக்கிறது. பக்கவாதம் என்றுதான் மச்சான் அலறிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார். டாக்டர் சோதித்துவிட்டு, இது மூளை சமாச்சாரம் இல்லை, முகத்து நரம்பு வீங்கியிருக்கிறது, பெரும்பாலும் சில வாரத்திலோ சில மாதத்திலோ சரியாகும் என்றார். பேன் காற்றா என்று கேட்டேன். காரணம் யாருக்கும் உறுதியாகத் தெரியாது என்றார். ஆகையால் உன் பேன் கேஸ் தள்ளுபடி. மாத்திரை கொடுத்திருக்கிறார். கண் காய்ந்துபோகாமல் இருக்க மணிக்கு ஒரு தரம் சொட்டு மருந்து. தூங்கும்போது கண்ணை மூடிப் பிளாஸ்திரி ஒட்டிக்கொள்கிறேன்.

கம்பெனியில் மாஸ்க் போட்டுக்கொண்டு உட்காருகிறேன். ஓவர்லாக் மெஷின் சத்தம் இடது காதில் ஊசி மாதிரி ஏறுகிறது. அதுவும் இந்த நரம்பு செய்கிற வேலைதானாம்.

செக்கிங்கில் சீனியம்மாள் என்று ஒருத்தி இருக்கிறாள், விருதுநகர்ப் பக்கம். அவள் நாத்தனாருக்கு இதே மாதிரி வந்ததாம். இங்கே பக்கத்தில் மண்ணரையில் ரோஸ்மேரி என்ற அம்மாவிடம் அக்குபஞ்சர் பார்த்தார்களாம். டாக்டரிடம் கேட்டேன், மாத்திரையை நிறுத்தாமல் போவதானால் போங்கள் என்றார். வாரம் மூன்று நாள் போகிறேன். முடி கனத்துக்குத்தான் ஊசி இருக்கிறது. புருவத்து ஓரம், கன்னம், உதட்டுக் கோடி, காதுக்குப் பின்னால், அப்புறம் வலது கையில் கட்டை விரலுக்குப் பக்கத்தில் ஒன்று. முகத்துக்கு எதுக்கம்மா கையில் என்று கேட்டேன். ரோஸ்மேரி தூத்துக்குடிக்காரர், பேச்சில் ஒளிவு மறைவு கிடையாது. "எம்மா, ஊசி குத்துன ஒடனே சரியாயிரும்னு நான் சொல்ல மாட்டேன். பாதி அதுவா ஆறும். மீதிய நான் தட்டி எழுப்புவேன், அம்புட்டுதான்" என்றார். எனக்கு அந்த அம்மாவைப் பிடித்துவிட்டது.

உன் மாமியார் முழங்காலுக்கும் பார்ப்பாராம். கார்டு ஒன்று இதோடு வைத்திருக்கிறேன்.

தைக்குள் சரியாகிவிடும். சீர் நான்தான் செய்வேன் என்று அப்பாவிடமும் சொல்லிவிட்டேன். இடது கண் இன்னும் மூடவில்லை.

அன்புடன்
அக்கா


தாராபுரம்
30.9.2024

அக்காவுக்கு,

இங்க எல்லாரும் நல்லா இருக்கறோம், மாமியா மொழங்காலத் தவிர. அது எப்பவும் இருக்கறதுதான். உன்ற கடுதாசி வந்துது. கார்டையும் எடுத்து வெச்சுட்டேன்.

அப்பா வாரம் ரெண்டு தடவ திருப்பூர் பஸ் ஏறறாராமா. அம்மா சொன்னாங்க. எனக்குப் பெரியவ பொறந்தப்ப அப்பா ஒரு தடவ வந்தாரு, அதுவும் பருத்திய மார்க்கெட்டுல போட்டுட்டு வர்ற வழியில. சின்னவளுக்கு அதுவும் இல்ல. அம்மா உனக்காக வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம ஒரு பொழுது இருக்கறாங்க. சதீசு கார எடுத்துட்டு வந்து மண்ணரைக்குக் கூட்டீட்டுப் போறானாமா. சீக்குலயும் நீதான் மொதல்ல வர்ற அக்கா. கோவிச்சுக்காத, வெளையாட்டுக்குத்தான் சொல்றேன். பாதி வெளையாட்டு.

இன்னொண்ணு சொல்லோணும், சொல்லலாமான்னு தெரியல. கோயில் நோம்பிக்கு ஒறம்பரை சொந்தமெல்லாம் வந்தாங்கல்ல, அப்ப மருதம்மாள் அத்தை பேசுச்சு. மங்கல காரியத்துல முன்ன நிக்கறவ மூஞ்சி லட்சணமா இருக்கோணும், படத்துல காலத்துக்கும் நிக்கும் பாரு, பொண்ணு ஊட்டுக்காரங்க என்ன நெனைப்பாங்கன்னு. நான் விடல. அக்கா மூஞ்சிக்கு என்ன கொறைச்சல்னு சத்தம் போட்டுட்டேன். அதுக்கு அத்தை என்னையப் பாத்து, ஏங்கண்ணு, நீயும் அவனுக்கு அக்காதானன்னு கேட்டுச்சு. நீ மனசுல வெசனப்படாத. ஊரு பேசறத உன்ற காதுக்குக் கொண்டாரோணும்னுதான் எழுதுனேன்.

இடது கண்ணு மூடுதா? எழுது.

தரணி


ராயபுரம்
14.10.2024

அன்புத் தரணிக்கு,

அக்கா. ஆயுத பூஜை வேலையில் கடிதம் போட நாளாகிவிட்டது. வேலைதான் காரணம் என்று வைத்துக்கொள்.

பூஜைக்கு மெஷினுக்கெல்லாம் பொட்டு வைக்க என்னைத்தான் கூப்பிடுவார்கள், உனக்குத் தெரியும். இந்த வருசம் மாஸ்க்கோடு வைத்தேன். பொரி கொடுத்தபோது மட்டும் ஆபீஸ் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தின்றேன். ஒரு பக்கம் மெல்லும்போது மறுபக்கம் கன்னத்துக்குள் சேர்ந்துகொள்கிறது. விரலை விட்டுத்தான் எடுக்க வேண்டும். அதை யாரும் பார்க்கக் கூடாது.

ரோஸ்மேரி இப்போது ஊசியில் சின்ன கிளிப் மாட்டிக் கரண்டு வைக்கிறார். கன்னம் தானாகத் துடிக்கும். நான் துடிக்கச் சொல்லவில்லை, அதுவாகத் துடிக்கிறது, அதைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது. ஒவ்வொரு தடவையும் ஐந்து காரியம் செய்யச் சொல்வார். புருவம் தூக்கு, கண் மூடு, கன்னம் உப்பு, பல் காட்டு, ஊது. வீட்டில் கண்ணாடி பார்க்கக் கூடாது என்று கண்டிப்பு. போன வாரம் நெற்றியில் ஒரு சுருக்கம் விழுந்தது. ஐந்தில் ஒன்று பாஸ்.

மருதம்மாள் அத்தை சொன்னதைப் படித்தேன். நீ அதை எழுதாமல் இருந்திருக்கலாம். எழுதியதும் நல்லதுதான்.

ஒன்று சொல்கிறேன், இது வரை யாரிடமும் சொன்னதில்லை. நீ சிரித்தால் ரெண்டு கன்னத்திலும் குழி விழும். என்னைப் பெண் பார்க்க வந்த எல்லா வீட்டாரும் காபி கொண்டு வந்த உன்னைத்தான் முதலில் பார்த்தார்கள். அதற்காக ரொம்ப நாள் உன்மேல் எரிச்சலாக இருந்தேன். இப்போது எனக்கு இருந்த சிரிப்பிலும் பாதி போய்விட்டது, என்ன செய்ய.

சதீசும் நானும் போய், சீரன்றைக்கு நான் கட்டச் சேலை எடுத்துவிட்டோம். மாம்பழ மஞ்சள் பட்டு, அரக்குக் கரை. அவன் உங்கள் எல்லோருக்கும் போட்டோ அனுப்பியிருப்பான். கண் இன்னும் மூடவில்லை. ஆனால் மூடும்.

அன்புடன்
அக்கா


தாராபுரம்
21.10.2024

அக்காவுக்கு,

நாங்க எல்லாரும் நல்லா இருக்கறோம். ஆத்துல தண்ணி நெறைய வருது, காத்தும் குளுகுளுன்னு இருக்குது.

நீ என்னையப் பாத்துப் பொறாமப்பட்டயா? நெசமாத்தானா? படிச்சுட்டு ஒக்காந்து சிரிச்சேன். ஊட்டுக்காரரு என்னான்னு கேட்டாரு, ஒண்ணுமில்லைன்னுட்டேன். ஏனக்கா, கன்னத்துல குழி விழுந்து எனக்கு என்ன ஆச்சு? குழிய வெச்சு ஒரு ஹாஸ்டல் கெடைச்சுதா, ஒரு கம்பெனி கெடைச்சுதா? உன்னைய மொதலாளியம்மாங்கறாங்க, என்னைய மக்காச்சோள மண்டிக்காரரு சம்சாரம்ங்கறாங்க. எனக்கு இருக்கறது அந்தத் தம்பி ஒருத்தன்தான். மண்டபத்துல அவன் பக்கத்துல நிக்கறதும் நீதான். குழிய நீ வெச்சுக்க, மாத்திக்கலாம்னா நான் ரெடி.

சேலை போட்டோ பாத்தேன். நல்லாத்தான் இருக்குது. உன்ற நெறத்துக்கு மஞ்ச கொஞ்சம் எடுப்பா இருக்காதோன்னு தோணுச்சு, ஆனா எடுத்தாச்சு. தீவாளிக்கு நானும் ஒரு மாம்பழக் கலரு ரவிக்கை தெச்சேன், அதுக்குச் சேலைதான் இன்னும் அமையல.

கல்யாணப் பொண்ணு அக்ஷராவ ஒரு எட்டுப் பாத்துட்டு வந்தோம். நல்ல புள்ள. பெரிய அண்ணிக்கு எப்படி இருக்குதுங்கன்னு கேட்டுச்சு. தேவலைன்னேன்.

தீவாளிக்குத் திருப்பூருக்கு வர முடியாதுக்கா. மாமியாவ உட்டுட்டு வர முடியல. நீயும் ஆளுக மூஞ்சியப் பாக்க மாட்டேங்கற, எதுக்குச் சங்கடம்.

அந்தம்மா என்ன சொல்றாங்க? தைக்குள்ள ஆகுமாமா? இடது கண்ணு மூடுதா?

தரணி


ராயபுரம்
24.11.2024

என் அன்புத் தங்கச்சிக்கு,

அக்கா எழுதுகிறேன். நீயும் புள்ளைங்களும் நல்லா இருக்க வேண்டும், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு மாசமாக எழுதவில்லை. உன்மேல் வருத்தத்தில் இருந்தேன். தீபாவளிக்கு நீ வரவில்லை, உன் கடிதமும் குத்தலாக இருந்தது. இவளுக்கு நான் இப்படி ஆனதில் சந்தோசமோ என்றுகூட நினைத்துவிட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

போன வியாழக்கிழமை அப்பா வந்தார். கொடுத்த காபியைக் குடித்தார். அப்புறம், "தைக்குள்ள ஆகாதுன்னுட்டாங்களாமா கண்ணு" என்றார். யார் சொன்னது என்று கேட்டேன். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்பா அழுது நான் பார்த்ததில்லை தரணி. ஒறம்பரை என்னவெல்லாம் பேசியதோ.

அன்றைக்கே மண்ணரைக்குப் போனேன். தைக்குள் ஆகுமா என்று நான் கேட்கவில்லை, கேட்கப் பயம். முகம் வாடியிருப்பதைப் பார்த்துவிட்டு ரோஸ்மேரி என்னைத் தேற்றினார். தேற்றும்போது சொன்னார், தாராபுரத்திலிருந்து ஒங்க தங்கச்சி வாரந்தவறாம போன் போட்டு விசாரிக்காவ, இதுவரைக்கும் ஏழு எட்டு வாட்டி இருக்கும், அக்காவுக்குக் கண்ணு மூடுதா மூடுதான்னு அப்படிக் கேக்காவ, இப்படி ஒரு கூடப்பிறப்பு இருக்கும்போது நீங்க ஏம்மா கவலப்படுதிய என்று. முகத்தில் ஊசி குத்தியிருந்தது, அழக் கூடாது. ஆனாலும் அழுதேன். என்னிடம் காட்டிக்கொள்ளாமல் நீ இதைச் செய்திருக்கிறாய்.

ராத்திரியெல்லாம் யோசிக்கவில்லை, அங்கேயே ஊசியோடு படுத்துக்கொண்டே முடிவு பண்ணிவிட்டேன். அப்பாவிடமும் சதீசிடமும் சொல்லியாகிவிட்டது. இணைச்சீரை நீ செய். அவனைத் தூக்கி வளர்த்தவள் நீதான். எனக்கு இதில் மனக்குறை இல்லை என்று எழுத வந்தேன், அது முழு உண்மை இல்லை. குறை இருக்கிறது. ஆனால் உனக்குக் கொடுப்பதில் இல்லை.

கண்ணில் இன்னும் நெல் அளவுக்கு இடைவெளி இருக்கிறது.

உன் அக்கா


தாராபுரம்
27.11.2024

அக்காவுக்கு,

கடுதாசி வந்துது. இங்க எல்லாரும் சுகம்.

நீ சொன்னா சரிதான். அப்பாவும் போன் பண்ணிச் சொன்னாரு. அம்மாவும் அதுதான் செரின்னாங்க. நீ நல்லா யோசிச்சயா? யோசிச்சுத்தான் இருப்பே. அப்படின்னா நானே செய்யறேன். உனக்குக் கஷ்டமா இருந்தா சொல்லு. இல்லீன்னா இப்படியே இருக்கட்டும்.

மழை வர்றாப்புல இருக்குது, வடகம் காயப் போட்டிருக்கறேன், போயி எடுக்கோணும். ஒடம்பப் பாத்துக்க.

தரணி


ராயபுரம்
22.12.2024

அன்புத் தரணிக்கு,

அக்கா. எல்லோரும் சௌக்கியமா? மழைக்கு வடகம் தப்பித்ததா?

நல்ல சேதி ஒன்று. கன்னம் உப்பினால் கொஞ்ச நேரம் காற்று நிற்கிறது. ஐந்தில் ரெண்டு பாஸ் ஆகிவிட்டேன். கண்ணில் நூல் அளவு இடைவெளிதான் பாக்கி. பிளாஸ்திரியை எடுத்தாயிற்று. சொட்டு மருந்து மட்டும் விடவில்லை. உதடுதான் பிடிவாதம் பிடிக்கிறது, சிரித்தால் வலது பக்கமே இழுக்கிறது. டாக்டரும் பார்த்துவிட்டு மெதுவாக வரும் என்றார். மாத்திரையா, ஊசியா, அதுவாகவே ஆறியதா என்று கேட்டேன். ஆறியதே, அது போதாதா என்று சிரித்தார்.

எனக்கு ஒரு கவலை. போன கடிதத்தில் நீ கண் மூடுகிறதா என்று கேட்கவில்லை. நீ அதைக் கேட்காமல் ஒரு கடிதமும் முடித்ததில்லை. ரோஸ்மேரியும் நேற்றுக் கேட்டார், ஒரு மாசமாத் தங்கச்சி போனே போடலியே, மேலுக்கு என்னவும் சரியில்லையா என்று. எனக்கும் அதுதான் பயம். உடம்புக்கு ஏதாவது என்றால் மறைக்காதே. கர்ப்பப்பை வலி மறுபடி வந்ததா? உன் வீட்டுக்காரரோடு ஏதாவது மனஸ்தாபமா? நானே போன் பண்ணலாம் என்று எடுத்தேன். அப்புறம் வாய் கூசியது, வைத்துவிட்டேன்.

மாம்பழ மஞ்சள் சேலையைப் பார்சல் அனுப்பியிருக்கிறேன். கட்டிப் பார். நீ எழுதின ரவிக்கை அதற்குப் பொருந்துமா என்றும் பார்.

நாலு வரி போதும், உடனே எழுது.

உன் அக்கா


தாராபுரம்
5.1.2025

அக்காவுக்கு,

எனக்கு ஒடம்புக்கு ஒண்ணும் இல்ல. ஊட்டுலயும் ஒண்ணும் இல்ல. எல்லாரும் நல்லாத்தான் இருக்கறோம். அதுதான் அசிங்கமா இருக்குது.

உன்ற பார்சல் வந்து பத்து நாளாச்சு. சேலையப் பிரிச்சுக் கட்டில் மேல போட்டேன். ரவிக்கைய எடுத்துப் பக்கத்துல வெச்சேன். அச்சு அசலாச் சேந்துது. சேராம எங்க போகும்? சதீசு அனுப்புன போட்டோவ டெய்லர்கிட்டக் காட்டித்தான் துணியே எடுத்தேன். தீவாளிக்குன்னு உனக்கு எழுதுனது பொய்யி. சீரு உனக்குன்னு எல்லாரும் சொல்லிட்டு இருக்கறப்பவே நான் ரவிக்கை தெச்சுட்டேன் அக்கா.

போன் பண்ணுனது நெசம். ஒம்போது தடவ பண்ணுனேன். ஆனா நீ நெனைக்கறாப்புல இல்ல. தைக்குள்ள உனக்குச் சரியாகாதுன்னு யாராவது சொல்ல மாட்டாங்களான்னுதான் பண்ணுனேன். இன்னும் மூடலைம்மான்னு அந்தம்மா சொல்றப்பெல்லாம் நெஞ்சுக்குள்ள குளுகுளுன்னு இருக்கும். போன வெச்சுட்டு அழுவேன். அழுதேங்கறதுக்காக அது இல்லைன்னு ஆயிடாது. அடுத்த வாரம் மறுபடி பண்ணுவேன்.

தைக்குள்ள முழுசா ஆகுமான்னு கேட்டதுக்கு அந்தம்மா சொன்னது, சொல்ல முடியாது, ஆனா நல்ல மாத்தம் தெரியுதுன்னு. நான் அம்மாகிட்டப் போயி, ஆகாதுன்னுட்டாங்கன்னேன். அம்மா அப்பாகிட்டச் சொல்ல, அப்பா உன்ற முன்னால வந்து அழுதாரு. யாரு சொன்னதுன்னு கேட்டயல்ல, நான்தான். மருதம்மாள் அத்தை பேசுனதா நான் எழுதுனதும் பாதிதான் நெசம். நீயும் அவனுக்கு அக்காதானன்னு அத்தை கேக்கல, நான்தான் அத்தைகிட்டச் சொன்னேன்.

உனக்குக் கடுதாசி வந்தா நடு ஊட்டுல நின்னு படிச்சவ நான். அன்னைல இருந்து இருக்குது இது. நீ ஒரு வரியில எனக்கும் ஒரு முத்தம்னு எழுதி இருப்பே. அதையும் நானே சத்தமாப் படிப்பேன். உன்ற கம்பெனியக் கண்டும் எரிஞ்சேன், அப்பா பஸ் ஏறறதக் கண்டும் எரிஞ்சேன், கடைசில உன்ற சீக்கக் கண்டும் எரிஞ்சேன். இப்படி ஒருத்தி இருப்பாளா?

சீரு கெடைச்சதும் போன நிறுத்திட்டேன். கேக்கறதுக்கு எனக்கு ஒண்ணும் இல்ல பாரு. நீ அதுக்கு எனக்கு ஒடம்பு சரியில்லையோன்னு பயந்து கடுதாசி போட்டிருக்கற. அதைப் படிச்சதுல இருந்து சேலையத் தொட முடியல.

அப்பாகிட்ட நானே சொல்லீர்றேன். நீ என்ன சொன்னாலும் சரி.

தரணி


ராயபுரம்
11.1.2025

தரணிக்கு,

மூன்று முறை படித்தேன். மச்சானிடம் காட்டவில்லை. அப்பாவிடம் நீ ஒன்றும் சொல்ல வேண்டாம், இந்த வயதில் அவருக்கு இது தெரிந்து என்ன ஆகப்போகிறது. எனக்கு மனசு மாறிவிட்டது, சீரை நானே செய்கிறேன் என்று அவரிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். ரோஸ்மேரிக்கும் தெரிய வேண்டாம். அந்த அம்மா உன்னை நல்லவள் என்றே நினைத்துக்கொள்ளட்டும்.

சேலையை எடுத்துக்கொண்டு வா. இணைச்சீருக்கு நான் நிற்கிறேன். சிரித்தால் வாய் கோணும். கோணட்டும். வீடியோவில் காலத்துக்கும் நிற்குமாம், நிற்கட்டும். அப்பா அழுதார் என்று விட்டுக்கொடுத்தேனே, அந்த நாளை நினைத்தால் உன்னை அறையலாம் போல இருக்கிறது.

ஆனால் ஒன்று. புகையும் வீடியோ லைட்டும் என் கண்ணுக்கு இன்னும் ஆகாது. எனக்கு ரெண்டு கையும் சீரில் இருக்கும். சொட்டு மருந்து விட ஆள் வேண்டும். அப்பாவுக்குக் கை நடுங்கும். அம்மா மருந்தைக் கண்ணில் விடாமல் கழுத்தில் விடுவார். நீதான் நிற்க வேண்டும், சீர் ஆரம்பித்து முடிகிற வரைக்கும், என்னை ஒட்டி. அந்த ரவிக்கை என் அளவுக்குச் சேராது, அதை நீயே போட்டுக்கொள். அதற்கு ஒரு சேலை நான் எடுத்து வைக்கிறேன்.

மன்னித்துவிட்டேன் என்று எழுதப் பார்த்தேன், வரவில்லை. எழுதினால் பொய்யாகிவிடும். நம் வீட்டில் இந்த வருசத்துக்குப் பொய் போதும்.

பொங்கலுக்கு எல்லோரும் நல்லபடியாக இருங்கள்.

மதுமதி


தாராபுரம்
23.2.2025

அக்காவுக்கு,

எல்லாரும் சௌக்கியம். கல்யாணக் களைப்பு இப்பத்தான் தீந்துது. நேத்துச் சதீசும் அக்ஷராவும் விருந்துக்கு வந்துட்டு, போறப்ப ஆல்பத்த உட்டுட்டுப் போனாங்க. ரெண்டு நாளைக்கு அது என்ற கிட்டத்தான் இருக்கும்.

மண்டபத்துல நாம பேசிக்கல. பேச நேரமும் இல்ல, நீ பேசற மாதிரியும் இல்ல. அதனால இப்ப எழுதறேன்.

நீ சேலை முனையப் பிடிச்சுட்டு நின்னப்ப எனக்குப் பொறாமையாத்தான் இருந்துது. மறைக்க மாட்டேன். கையில மருந்துப் புட்டிய வெச்சுட்டு, இது என்ற எடமல்லன்னு நெனச்சுட்டுத்தான் நின்னேன். மங்கல வாழ்த்துப் பாட ஆரம்பிச்சதும் சாம்பிராணிப் புகை நேரா உன்ற பக்கம் வந்துது. இடது கண்ணு செவந்து தண்ணி வழியுது. நீ தொடைக்கல, தொடைக்கக் கை இல்ல. நான் எட்டி ஒரு சொட்டு உட்டேன். அந்த வீடியோக்காரரு, மஞ்ச ரவிக்கை போட்ட அம்மா, கொஞ்சம் தள்ளுங்க, பிரேம்ல வர்றீங்கன்னாரு. நான் நகரப் போனேன்.

அப்ப நீ சொன்னயல்ல. நாலு மாசமா யாருகிட்டயும் வாயத் தெறக்காதவ, அத்தன ஒறம்பரைக்கு முன்னால, மைக்கு வேற பக்கத்துல இருக்குது, "இவ இங்கதான் நிப்பா"ன்னே. ப வர்ற எடத்துல காத்துத்தான் வந்துது. மருதம்மாள் அத்தை உட்பட எல்லாரும் கேட்டாங்க. நீ அதைப் பத்திக் கவலையே படல. அப்புறம் சதீசப் பாத்துச் சிரிச்சே. வாய் கோணுச்சு. அவன் அழுதுட்டான்.

ஆல்பத்துல அந்தப் படந்தான் நடுப்பக்கம். சதீசு, நீ, நடுவால சேலை. நான் இல்ல. உன்ற கன்னத்துப் பக்கத்துல புட்டியப் பிடிச்சுட்டு ஒரு கை மட்டும் இருக்குது, முழங்கைகிட்ட மஞ்ச ரவிக்கை ஓரம் கொஞ்சம் தெரியுது. எம்பெரியவ பாத்துட்டு, அம்மா, உங்க கை படத்தக் கெடுத்துருச்சேங்கறா. ஊட்டுக்காரரு அதைக் கம்ப்யூட்டர்ல அழிச்சுடலாமாங்கறாரு. அழிக்கக் கூடாதுன்னுட்டேன்.

அந்தப் புட்டி இன்னும் என்ற பையில கெடக்குது, பாதி மருந்து இருக்குது. நீ வேற வாங்கியிருப்பே. நேத்து ரோஸ்மேரி அம்மாவுக்குப் போன் போடலாம்னு எடுத்தேன். வேண்டாம், உன்னையே கேக்கலாம்னு வெச்சுட்டேன். நீ பதில் போடாட்டியும் சரி, அடுத்த வாரமும் எழுதிக் கேப்பேன்.

இடது கண்ணு மூடுதா அக்கா? இந்தத் தடவ, மூடோணும்னு நெனச்சுத்தான் கேக்கறேன்.

தரணி